மூன்றாவது வரிசை மெய்மறந்தார்

நாடகம் நடக்கும் ஊர்களிலெல்லாம் ஓர் உயிரினம் உண்டு. மூன்றாவது வரிசையில், நடைவழியை ஒட்டிய நாற்காலியில் அது உட்கார்ந்திருக்கும். டிக்கெட் வாங்காது. மணி அடித்து, விளக்கு அணைந்து, முதல் வசனம் பாதி போன பிறகுதான் கதவை அகலமாகத் திறந்து, தெரு வெளிச்சத்தையும் கூடவே அழைத்துக்கொண்டு உள்ளே வரும். யாரையும் திட்டாது. திட்டுவதென்றால் கொஞ்சமாவது பார்க்க வேண்டும். பாராட்டுவதற்கு அந்தச் சிரமம் கிடையாது. பாராட்டு விமர்சகர் என்பது இதன் பெயர்.

எனக்குத் தெரிந்த ஒருவருக்கு நாடகக்காரர்கள் 'மெய்மறந்தார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் மெய்மறக்காத நாடகம் இதுவரை மேடை ஏறவில்லை. அவருடைய சொல்வளத்தையும் குறை சொல்ல முடியாது. ஏழெட்டுச் சொற்கள்தான், ஆனால் நன்றாக உழைக்கக்கூடியவை. அவர் எழுத்தில் நடிகை நடிப்பதே இல்லை, பாத்திரமாகவே வாழ்ந்துவிடுவார். முதல் காட்சியிலேயே செத்துப்போகிற வேடமானாலும் வாழ்ந்துவிட்டுத்தான் சாவார். விழிகள் பேசும், விரல்கள் பேசும், புடவைத் தலைப்புகூடப் பேசும். நாடகாசிரியர் எதற்காக மெனக்கெட்டு வசனம் எழுதினார் என்றே நமக்குப் புரியாது.

எல்லாவற்றையும்விட அவருக்குப் பிடித்த சொல் 'வீச்சு'. பல வேடம் போடும் நடிகை ஒருவர் கிடைத்துவிட்டால் போதும், மனிதரைக் கையில் பிடிக்க முடியாது. "நேற்று மகாராணி, இன்று பிச்சைக்காரி, நாளை எதுவோ! என்ன ஒரு வீச்சு!" என்று எழுதிவிட்டுத்தான் மூச்சு விடுவார். இதில் அவருக்கு என்ன லாபம் என்று கேட்கிறீர்களா? ஒரு வேடத்தில் நடிகை என்ன செய்தார் என்று எழுதுவதற்கு மேடையைப் பார்த்தாக வேண்டும். எத்தனை வேடம் போட்டிருக்கிறார் என்று எழுத, பழைய நோட்டீஸ்கள் போதும்.

இப்படி அவரிடம் அகப்பட்டவர்தான் அக்கா. குழுவில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் அக்காதான். பகலில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, சாயங்காலம் ஒத்திகை. மகாராணி, பிச்சைக்காரி, ஒருமுறை ஆள் கிடைக்காமல் போலீஸ்காரர் என்று பல வருஷமாக வாங்கிக் கட்டிக்கொண்ட பாராட்டுகளைச் சேர்த்தால் ஒரு பீரோ நிறையும். அதில் ஒன்றில்கூட, எந்தக் காட்சியில் அவர் என்ன செய்தார் என்று ஒரு வரி கிடையாது.

புது நாடகத்தில் அக்காவுக்கு நீதிபதி வேடம். கடைசிக் காட்சியில் சொந்தத் தம்பிக்கே ஆயுள் தண்டனை எழுத வேண்டும். எந்த ஊர் நீதிமன்றத்தில் தம்பியின் வழக்கை அக்காளிடம் விசாரிக்கக் கொடுப்பார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள், நாடகாசிரியரை நான் கேட்டேன், "அப்புறம் நாடகம் எங்கேருந்து வரும்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அந்தக் காட்சிக்கு அக்கா ஒன்று யோசித்து வைத்திருந்தார். தீர்ப்பில் கையெழுத்துப் போடுவாள் நீதிபதி. பேனாவை மூடப் பார்ப்பாள். மூடி பேனாவில் சேராது. இன்னொரு முறை முயல்வாள், சேராது. மூடியை ஒரு பக்கமும் பேனாவை ஒரு பக்கமுமாக மேசையில் வைத்துவிட்டு எழுந்து போவாள். அவ்வளவுதான். அழுகை கிடையாது.

இதை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வாரக்கணக்காகப் பழகினார். அவருடைய கணவர் இரண்டு நாள் பார்த்துவிட்டு, "ஏம்மா, மூடி லூசா? வேற பேனா வாங்கிக்கலாமே" என்றார். அக்காவுக்கு அன்றைக்குத்தான் நம்பிக்கையே வந்தது.

இயக்குநருக்கு நம்பிக்கை வரவில்லை. போன நாடகத்தில் பாதி நாற்காலி காலியாகக் கிடந்த கவலை அவருக்கு.

"கடைசி வரிசைக்குப் பேனா மூடி தெரியுமா? அழுதுடும்மா."

"கண்ணீர் மட்டும் தெரியுமா சார்?"

"கண்ணீர் தெரியாது. சத்தம் கேக்கும்ல?"

இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் ஓர் ஒப்பந்தம். முதல் நாள் அக்கா தன் விருப்பப்படி செய்யலாம். மெய்மறந்தார் எழுதட்டும். அவர் பேனாவைக் கவனித்து எழுதியிருந்தால் பேனா. இல்லாவிட்டால் மறுநாளிலிருந்து அழுகை. பாவம் அக்கா, சரி என்று தலையாட்டிவிட்டார். பல வருஷம் பாராட்டு வாங்கியவர் இல்லையா? பாராட்டியவர் பார்த்திருப்பார் என்று நினைத்துவிட்டார்.

முதல் நாள் கடைசிக் காட்சி. மூடி சேராத அந்த நேரத்தில் அரங்கில் ஓர் இருமல்கூட இல்லை. மேடையிலிருந்து பார்த்தால் இருட்டுதான் தெரியும். அந்த இருட்டுக்கு நடுவில், மூன்றாவது வரிசையில், ஒரு தாடை மட்டும் நீலமாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. மெய்மறந்தார் தன் போனில், தான் மெய்மறந்ததைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

நாடகம் முடிந்ததும் ஒப்பனை அறைக்குள் இரண்டு கையையும் விரித்தபடி வந்தார்.

"என்னம்மா இது! வாழ்ந்துட்டீங்க!"

"கடைசி சீன் பாத்தீங்களா சார்?"

"பாக்கறதாவது? கரைஞ்சுபோயிட்டேன்!"

"அதுல அந்தப் பேனா..."

"ஐயோ, எதைச் சொல்றது, எதை விடறது!"

விமர்சனம் வந்தது. அதில் அவர் எதையும் விடவில்லை, நடக்காததைக்கூட. "தம்பிக்குத் தண்டனை எழுதிவிட்டு, அணை உடைந்ததுபோல் அந்த நீதிபதி கதறி அழுதபோது அரங்கில் கலங்காத கண் இல்லை. மகாராணியாகச் சீறியவர், பிச்சைக்காரியாகக் கெஞ்சியவர், இன்று நீதிபதியாகக் கதறுகிறார். என்ன ஒரு வீச்சு!"

இயக்குநர் பத்திரிகையைக் கொடிபோலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒத்திகைக்கு வந்தார்.

"பாத்தியாம்மா? அழுகைதான் அவருக்குப் பிடிச்சிருக்கு."

"சார், நான் அழவே இல்லையே!"

"அழாததுக்கே இவ்வளவு எழுதியிருக்காரே, அழுதா எவ்வளவு எழுதுவாரு!"

அக்காவின் அலுவலகத்தில் அந்தப் பக்கத்தை வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். நாத்தனார் போன் செய்து, "அண்ணி, அழுதே ஊரைக் கவுத்துட்டீங்களாமே!" என்றாள். திட்டினால் திருப்பிச் சண்டை போடலாம். பாராட்டினால் பல்லைக் காட்டத்தான் வேண்டும். மறுத்தால் அதற்குப் பெயர் திமிர்.

ஆனாலும் மனசு கேட்காமல் மெய்மறந்தாருக்கே போன் செய்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நான் அந்த சீன்ல அழல."

மறுமுனையில் ஒரு கணம்கூடத் தடுமாற்றம் இல்லை. "தெரியுமேம்மா. ஆனா உள்ளுக்குள்ள கதறினீங்கல்ல? அது சாதாரண ஆளுக்குக் கேக்காது. எனக்குக் கேட்டுது."

அப்படிப்பட்ட காதுக்கு எதிராக யார் என்ன செய்ய முடியும்? அடுத்த நாளிலிருந்து நீதிபதி அழுதாள். அக்காவுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. மேசையில் தலையை மோதி, தொண்டை கிழிய, கடைசி வரிசைக்கும் அதற்குப் பின்னால் இருக்கும் டீக்கடைக்கும் கேட்கும்படி அழுதார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. நாற்காலிகள் நிறைந்தன. இயக்குநருக்கு ரத்த அழுத்தம் குறைந்தது. நீதிபதிக்கு இப்போது பென்சில் கொடுத்திருக்கிறார்கள். அழுகிற வேகத்தில் மை கொட்டினால் மேசை விரிப்பு பாழாகிறதாம்.

"நல்லவேளை, நான் விமர்சகன் இல்லை, டிக்கெட் வாங்கிப் பார்க்கிறவன்" என்று நீங்கள் நிம்மதியாகச் சாய்ந்துகொள்வது தெரிகிறது. சாயுங்கள். ஆனால் ஒருநாள் அந்த நாடகத்துக்கு நீங்களும் போவீர்கள். முடிந்ததும் குடும்பத்தோடு ஒப்பனை அறைக்குள் நுழைந்து, "எந்த வேஷம் குடுத்தாலும் பின்னிடறீங்க மேடம்" என்பீர்கள். கன்னத்துச் சாயத்தைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருக்கும் அக்கா, இன்னும் அந்த ஆசை விடாமல், "எந்த இடம் பிடிச்சுது?" என்று கேட்பார். நீங்கள் மனைவியைப் பார்ப்பீர்கள். மனைவி கைப்பையைப் பார்ப்பார். பிறகு இருவரும் ஒரே குரலில், "எல்லாமே!" என்பீர்கள்.

அக்கா முகம் மலர்ந்து, கை கூப்பி, "ரொம்ப நன்றி" என்பார். அன்றைய தினத்தின் மிகச் சிறந்த நடிப்பு அதுதான். பக்கத்தில் நின்றும் அதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.