என் கன்னத்தின் நிறத்தில் ஒரு லாட் தோல்

எனக்குப் பொறாமையே கிடையாது என்று சொன்னால் என் வீட்டுக்காரரே சிரிப்பார். ஷபானாவின் கன்னத்தைப் பார்த்துப் பார்த்து நான் வயிறெரிந்த கதை ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனி முழுக்கத் தெரியும்.

அவளும் நானும் ஒரே மேஜை. சாயம் போட்ட தோலின் நிறத்தை மாதிரித் துண்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எங்கள் வேலை. இருவர் கன்னத்திலும் பழுப்புத் திட்டாக மங்கு இருந்தவரை உயிர்த்தோழிகள். திடீரென்று அவளுக்கு மட்டும் மறையத் தொடங்கியது. (அதற்குப் பிறகும் தோழிகள்தான், வெளியே.)

மதியம் சாப்பிட்டதும் அவள் ஒரு சத்து மாத்திரை விழுங்குவதைக் கவனித்தேன். டப்பாவில் 'முகப் பொலிவுக்கு' என்றிருந்தது. அன்றே அதை வாங்கினேன். அவளை முந்த வேண்டாமா? கூடவே வேறு இரண்டு டப்பாக்களும்.

பலனை அளக்கக் கண்ணாடியை நான் நம்பவில்லை. கழிவுத் தோலில் என் மங்கின் நிறத்திலேயே ஒரு துண்டைத் தேடியெடுத்து, தினமும் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். ஒரு மாதமாகியும் இரண்டும் இம்மி பிசகாமல் பொருந்தின. வயிறு மட்டும் கெட்டது.

ஒருநாள் அவசரத்தில், ஆர்டர் கொடுத்த பார்ட்டி அனுப்பிய மாதிரியைப் பையில் போட்டுக்கொண்டு, என் துண்டைச் சாயப் பிரிவுக்கு அனுப்பிவிட்டேன்.

சூப்பர்வைசர் ஒரு முழுத் தோலோடு வந்து நின்றார்.

"இன்னாமா சுமதி, பார்ட்டி கேட்டது தேன் கலரு. லாட் பூரா இப்டி வந்துகீது. இது இன்னா கலரு?"

பையைத் திறந்தேன்; தேன் கலர் மாதிரி அதற்குள் கிடந்தது. வேலை போய்விடும் என்றே நினைத்தேன். ஷபானா தோலை வாங்கி என் கன்னத்தருகே பிடித்தாள்.

"மேட்ச் ஆவுது சார்."

சூப்பர்வைசரே சிரித்துவிட்டதால் வேலை தப்பியது, மானம் தப்பவில்லை. அழுதுகொண்டே அவளிடம் கேட்டேன். "அந்த மாத்திரை உனக்கு மட்டும் எப்டிடி கேட்டுது?"

"அதையா தின்ன? எனக்கும் அது ஒண்ணும் பண்ல. டாக்டரம்மா சொல்லி கர்ப்பத்தடை மாத்திரைய நிறுத்துனேன், அப்பறம்தான் கொறஞ்சிது. கேட்டிருந்தா சொல்லிருப்பேனே."

அதே கர்ப்பத்தடை மாத்திரையை நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அவளிடம் போய்க் கேட்பதா?

பார்ட்டி வேண்டாமென்ற தோலைச் செருப்பாக்கி எங்களுக்கே விற்றார்கள். முதல் ஜோடியை வாங்கியவள் ஷபானா. இப்போதும் அவள் எங்கள் வீட்டு வாசலில் அதைக் கழற்றினால், "அம்மா, உன் மூஞ்சி வெளிய கெடக்கு" என்று என் மகள் குரல் கொடுப்பாள். வீடே சிரிக்கும். அந்தச் செருப்பு ஷபானாவின் காலுக்கு அத்தனை எடுப்பாக இருப்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.