மாப்பிள்ளை பையில் கிடந்த பாதாம்

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் தலையைக் குனிந்துகொண்டு எழுதுவது. இங்கே நானும் நீங்கள் வாய் நிறைய அக்கா என்று கூப்பிடும் என் மனைவியும் உடம்பளவில் நலம். மனசளவில் நான் நலமில்லை. அவள் மூன்று வாரமாக என்னோடு பேசுவதில்லை என்பதால் அவள் மனசு எப்படி என்று தெரியவில்லை. அங்கே நீங்களும் என் தங்கையும் சௌக்கியமா என்று போனிலேயே கேட்டிருப்பேன், அவள் எடுத்தால்தானே. கல்யாணமாகிப் போன இருபத்தெட்டு வருஷத்தில் ஞாயிறு காலை பத்து மணிக்கு அவள் என்னோடு பேசாமல் இருந்ததில்லை. இப்போது மூன்று ஞாயிறு போய்விட்டது. எனக்கு உடன்பிறந்தது அவள் ஒருத்திதான். அவளை இழந்துவிடுவேனோ என்ற பயத்தில்தான் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழிக்கவும்.

உங்கள் வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள் என்று நீங்கள் இருவரும் பத்து நாள் தங்க வந்தீர்கள். மாடி அறையைக் கொடுத்தேன். முட்டி வலிக்காரருக்கு மாடி அறையா என்று இப்போதுதான் தோன்றுகிறது, அதையும் மன்னிப்புக் கேட்க வேண்டியவற்றில் சேர்த்துக்கொள்ளுங்கள். டாக்டர் என்னைத் தினம் ஏழு பாதாம் சாப்பிடச் சொன்னதும், டப்பாவில் மீதி எத்தனை என்று நான் மூடியில் பென்சிலால் எழுதி வைப்பதும் உங்களுக்குத் தெரியும். நீங்கள் வந்த மூன்றாம் நாளிலிருந்து அந்த எண்ணிக்கை உதைத்தது. கூடவே மாடி நாற்காலித் திண்டில் பஞ்சு குறைந்தது. குளியலறைச் சோப்பின் ஓரத்தை யாரோ கடித்திருந்தார்கள். விடிந்தும் விடியாததுமாக என் படுக்கைக்கு நேர் மேலே தடதடவென்று ஓடும் சத்தம் வேறு.

“மாப்பிள்ளை சர்க்கரைக்காக மாடியில ஓடுறாரு போலிருக்கே” என்றேன் உங்கள் அக்காவிடம்.

“அவர் படி ஏறுறதே பெரிய பாடா இருக்கு, அவர் ஓடுறாராக்கும்” என்றாள்.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். சோப்பு விஷயத்திலாவது உறைத்திருக்கலாம். மனுஷன் சோப்பைத் தின்பானா என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்தேன். தங்கை உங்களுக்குப் போட்டிருந்த பத்தியச் சாப்பாட்டை நினைத்ததும், தின்றாலும் தின்பார் என்று முடிவு செய்துவிட்டேன்.

முப்பத்தொரு வருஷம் தேர்வுக் கூடத்தில் நின்றவன் நான். பிள்ளைகள் எனக்குக் கழுகு என்று பெயர் வைத்திருந்தார்கள். சட்டைக் கையின் மடிப்பைப் பார்த்தே உள்ளே பிட் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் ஓய்வு பெற்றும் ஓயவில்லை. ஏழாம் நாள் மதியம் சாப்பிட்டு முடித்து எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்த எதிர்வீட்டுக்காரரும் வாசலில் நின்றார். அத்தனை பேர் முன்னாலும் நான் சொன்னதை எழுதவே கை கூசுகிறது.

“மாப்பிள்ளை, உங்க பையைக் கொஞ்சம் கொண்டுவந்து திறந்து காட்டுங்க. யாரா இருந்தாலும் விதி ஒண்ணுதான்.”

“சரிங்க மச்சான்” என்று சொல்லி, அந்த முட்டியோடு மாடி ஏறி, பையை நீங்களே கொண்டுவந்தீர்கள். பக்கவாட்டு உறையில் ஒன்பது பாதாம், ஒரு கைப்பிடி பஞ்சு, ஒரு துண்டு சோப்பு. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட பூரிப்பில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பிட் அடித்த பையன்களிடம் வாங்குவதைப் போலவே ஒரு தாளில் ‘மேற்கண்ட பொருள்கள் என் பையிலிருந்து எடுக்கப்பட்டவை’ என்று எழுதி, தேதி போட்டு நீட்டினேன். நீங்கள் ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டீர்கள். தங்கைதான் பேசினாள். “அண்ணே, நீ எங்களை உட்கார வச்சுச் சோறு போட்டது போதும்” என்றாள். அரைமணி நேரத்தில் வாசலில் உங்கள் இருவர் செருப்பும் இல்லை.

நீங்கள் ஊருக்குப் போய் எட்டு நாளாகியும் மேலே நீங்கள் ஓடிக்கொண்டிருந்தீர்கள். ஒன்பதாம் நாள் காலை நான் பல் விளக்கிவிட்டு வந்தால், சாப்பாட்டு மேஜையில் ஒரு அணில் என் பாதாமை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மூடியில் எண்ணிக்கை எழுதுவதற்காக மூடியைக் கழற்றியவன், எழுதிய மூடியை ஜன்னலோரம் வைத்துவிட்டு, டப்பாவைத் திறந்தபடியே விட்டுப் போயிருக்கிறேன். அன்றைக்கு மட்டுமல்ல, தினமும் அப்படித்தான் செய்திருக்கிறேன் என்பது அந்த அணில் உட்கார்ந்திருந்த தோரணையிலேயே தெரிந்தது. ஆத்திரத்தில் எலிக்கூண்டு வாங்கிவந்து பாதாம் வைத்தேன், எதிர்வீட்டுப் பூனைக்குட்டி மாட்டியது. அதை விடுவிக்கும்போது அது என் புறங்கையைப் பிறாண்டியது. அடுத்து ஜன்னல் விளிம்பில் மிளகாய்த்தூளைத் தூவிவிட்டு, வழக்கம்போல மின்விசிறியைப் போட்டேன். கண்ணைத் திறக்க ஒரு மணி நேரமானது. அதற்குள் அணில் வேறு வழியாக வந்து எண்ணிக்கையில் மூன்றைக் குறைத்துவிட்டது.

கடைசியில் தச்சரைக் கூப்பிட்டேன். என் படுக்கைக்கு மேலே இருக்கும் உட்கூரைப் பலகையைக் கழற்றி, விளக்கடித்துப் பார்த்தவர் இறங்கவே இல்லை.

“சார், குடும்பமே இருக்கு. மூணு குட்டி. பஞ்சு மெத்தை, சோப்பு, பாதாம்னு வசதியாத்தான் இருக்காங்க” என்றார். பிறகு கீழே பார்த்து, “இதுக்கா சார் வீட்டு மாப்பிள்ளைகிட்ட கையெழுத்து வாங்கினீங்க?” என்றார். எதிர்வீட்டுக்காரர் ஏணியைத் திருப்பிக் கொடுத்த கையோடு செய்தியையும் தெரு முழுக்கக் கொடுத்திருக்கிறார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஜன்னலோரம் திறந்து கிடந்த உங்கள் பையையும் அந்தத் தாய் அணில் இன்னொரு அறையாக நினைத்துக்கொண்டது என்பதுதான் விஷயம். குட்டிகள் வளர்ந்து தானாகப் போகும்வரை பலகையை மூடக் கூடாது என்று தச்சர் சொல்லிவிட்டதால், இப்போது அவை மேலே, நான் கீழே.

மாப்பிள்ளை, நீங்கள் ஒரு பாதாமைக்கூடத் தொடவில்லை. இதை எதிர்வீட்டுக்காரரிடமும், இஸ்திரிக் கடைக்காரரிடமும், கேட்காதவர்களிடமும் நானே போய்ச் சொல்லிவிட்டேன். அந்தத் தாளையும் கிழித்துவிட்டேன். என்னைத் திட்ட வேண்டுமானால் நேரில் வந்து திட்டுங்கள், கீழ் அறையைத் தருகிறேன். தங்கையை மட்டும் வரும் ஞாயிற்றுக்கிழமை போனை எடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் முட்டி சீக்கிரம் குணமாகட்டும். புதுப் பெயின்ட் அடித்த வீட்டில் இருவரும் குறையில்லாமல் வாழ வேண்டும். வாழ்த்துகிற தகுதி எனக்கு இப்போது இல்லையென்றாலும் வயதுக்கு மூத்தவன் என்ற முறையில் வாழ்த்துகிறேன்.

வெட்கத்துடன்,
உங்கள் மச்சான்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் உங்கள் அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து வாயைத் திறந்தாள்.

“ஒரு பாதாமைக்கூடத் தொடலைன்னு எழுதியிருக்கீங்க, அதை அடிச்சிடுங்க. தினம் நாலு நான்தான் அவருக்குக் கொடுத்தேன். அந்த மனுஷன் அரைவயித்தோட எழுந்திருக்கிறதைப் பார்க்க முடியலை. உங்ககிட்ட சொல்லிடாதீங்கன்னு கேட்டுக்கிட்டேன். என்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாதுன்னுதான் கையெழுத்துப் போட்டாரு.”

“நீயாவது அன்னிக்கே சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“சொல்லியிருந்தா எனக்கும் ஒரு தாள் எழுதியிருப்பீங்க.”

எழுதியிருப்பேன். ஆகையால் மேலே அணிலைப் பற்றி எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்தவருக்கு நாலு பாதாமைக்கூட என் மனைவி எனக்குப் பயந்து ஒளித்துக் கொடுத்திருக்கிறாள். தங்கையிடம் இந்தப் பகுதியை மட்டும் காட்டினால் போதும்.