எங்கும் பயன்படாத மாமன்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். ஆகவே, எங்கள் குடும்பத்தில் எழுத்து மூலமாக நடந்த முதல் குற்றமும் என்னுடையதே.

எண்பதுகளின் கடைசி. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் கம்ப்யூட்டர் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அக்கா கல்யாணப் பத்திரிகைக்கான பெயர்ப் பட்டியலைக் கம்ப்யூட்டரில்தான் அச்சடிப்பேன் என்று அடம்பிடித்தேன். (நோட்டில் எழுதினால் கால் மணி நேரம். கம்ப்யூட்டரில் ஒன்பதே நாள்.)

தாய்மாமன் பெயர் எல்லோருக்கும் மேலே வரவேண்டும். பெயர்கள் இருந்த ஃபைலில் அதற்கு ‘மாமன்’ என்று அடையாளம் வைத்தேன். மரியாதைக்காக, அந்த ‘மாமனை’ அச்சடிக்கும் கட்டளையை மட்டும் தனி ஃபைலில் வைத்தேன். வகுப்பில், நாம் எழுதியதைச் சோதித்துக் குறை சொல்லும் புரோகிராம் ஒன்று இருந்தது. அதற்கு ஒரு நேரத்தில் ஒரு ஃபைல்தான் கண்ணில் படும் என்பது பின்னால் தெரிந்த விஷயம். பெயர்கள் இருந்த ஃபைலைப் பார்த்துவிட்டு, ‘மாமன் எங்கும் பயன்படவில்லை’ என்று எச்சரித்தது.

இயந்திரம் பொய் சொல்லுமா? மாமனை அழித்தேன். ‘குறை ஏதுமில்லை’ என்றது. புல்லரித்தது.

கட்டளை மிஞ்சியது, பெயர் இல்லை; தாளில் முதல் வரி காலியாக வந்தது. அச்சகத்தார் அங்கே ஒரு பிள்ளையாரைப் போட்டுவிட்டார். வீட்டில் படித்துப் பார்க்கக்கூடியவன் நான் ஒருவனே. நான் எழுத்துப்பிழை மட்டும் தேடினேன்.

வெண்ணந்தூரில் மாமன் மகள் பத்திரிகையை வாசித்துக் காட்டியிருக்கிறாள். கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று மாமா சொல்லியனுப்பினார். மாமன் சீர் இல்லாமல் தாலி ஏறாது. அம்மா சோற்றைத் தொடவில்லை. மாமாவைச் சமாதானப்படுத்த என்னை வெண்ணந்தூருக்குத் துரத்திவிட்டார்கள்.

“சொல்லுங்க, படிச்ச மாப்ள” என்றார் மாமா.

“மெஷின்தானுங்க மாமா, நீங்க எங்கயும் பயன்படலைன்னு...” (இதைவிட நல்ல விளக்கம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.)

“அப்பிடியா? எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லச் சொல்லு. கெளம்பு!”

கம்ப்யூட்டர் வகுப்பின் குளுகுளு அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, மீசையைத் தடவியபடி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். பெயரைத் திரும்பச் சேர்த்துச் சோதித்தேன்.

“என்ன சொல்லுது?”

“அதேதானுங்க மாமா.”

“நெஞ்சழுத்தம் புடிச்சதா இருக்குதே!”

அச்சடித்தேன். பிரிண்டர் கிறீச்சிட்டது. எல்லாருக்கும் மேலே மாமா பெயர்.

“இது யாரு?”

“நீங்கதானுங்க.”

மாமா தாளைத் தடவிப் பார்த்தார். “வாய்தான் துடுக்கு. காரியத்துல மொதல்ல வெக்குது. உங்கொப்பன் வாயில வெல்லம், காரியத்துல ஒண்ணுமில்ல. வாரேன் போ.”

வந்தார். ஓரமெல்லாம் ஓட்டை போட்ட அந்தத் தாளை ஊசி குத்தி, பட்டுச் சட்டையின் நெஞ்சில் மாட்டிக்கொண்டு வந்தார். சீர் முடியும்வரை கழற்றவில்லை. கல்யாண ஆல்பத்தைப் பார்க்கும் பேரப்பிள்ளைகள் எல்லோரும் கேட்டாகிவிட்டது: “இந்தத் தாத்தா எந்த ஓட்டப் பந்தயத்துல ஓடுனாரு?”