அன்னவாசலைத் தாண்டாத தாய்மாமன்

ஆலங்குடி,
14-7-1957

கோயமுத்தூர் மில் குடியிருப்பில் தீர்க்க சுமங்கலியாய் இருக்கும் என் தங்கை செவந்திக்கு, அண்ணன் வீரய்யா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அண்ணி அழகியும் சுகம். அங்கே நீங்கள் மூவரும் சுகம் என்பதை, மாப்பிள்ளை வருஷத்துக்கு இரண்டு கார்டு போடுவதால் அறிந்துகொள்கிறோம்.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை, என் மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டிய மருமகளை யார் மடியில் உட்கார வைத்தீர்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. உன் மாமியார் வீட்டார் நாலு வார்த்தை பேசியிருப்பார்கள். நீ ஒன்றும் பேசியிருக்க மாட்டாய். கல்யாணமாகிப் போன அன்றைக்குப் பஸ் ஜன்னலில் முகத்தைத் திருப்பிக்கொண்டவள், இந்த நாலு வருஷத்தில் எனக்கு ஒரு வரி எழுதவில்லை. பிள்ளையின் முகத்தை நான் இன்னும் பார்த்ததில்லை. இந்தக் காதுகுத்தை வைத்தாவது உன்னோடு பேச்சுவார்த்தை ஆகிவிடும் என்றுதான் புறப்பட்டேன். நடந்ததை எழுதுகிறேன், படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

வியாழக்கிழமை விடியலில் பட்டுப் பாவாடை, வாழைப்பழம், தேங்காய் வைத்த சீர்த்தட்டையும், ஒரு பெரிய பலாப்பழத்தையும், வேட்டி மடிப்பில் மருமகள் காதுக்கு வாங்கிய தோட்டையும் வைத்துக்கொண்டு கிளம்பினேன். உன் அண்ணி பஸ் நிற்கும் இடம் வரைக்கும் வந்து, "போற எடத்துல வாயத் தொறந்து எதுவும் பேசி வச்சிராதீங்க. தட்ட நீட்டுங்க, மடிய நீட்டுங்க, அது போதும்" என்று சொல்லி அனுப்பினாள். நெடுவழி போனால் மனுஷனுக்கு ஞானம் வரும் என்று எங்கள் கடலை மண்டி முதலாளி அடிக்கடி சொல்வார். அவர் திருச்சிக்கு அந்தப் பக்கம் போனதில்லை. எனக்கு வந்த முதல் ஞானம், பலாப்பழத்தைப் பஸ்ஸில் ஸீட்டுக்கு அடியில் வைக்கக் கூடாது என்பது. ஒவ்வொரு வளைவிலும் அது உருண்டு போய் யாருடைய காலையாவது இடித்தது. "ஐயா, ஒங்க பழத்த மடியில வச்சுக்கங்க, இல்ல நீங்க அதுமேல ஒக்காந்துக்கங்க" என்றார் கண்டக்டர்.

புதுக்கோட்டையில் மாறி, விராலிமலை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். சித்தன்னவாசல் பாறை கண்ணில் பட்ட கொஞ்ச நேரத்தில், அன்னவாசல் வருவதற்கு ஒரு மைல் இருக்கும்போதே, வண்டி புகையைக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. "எல்லாரும் எறங்கி நெழல்ல நில்லுங்க" என்றார் டிரைவர். எதிரே ஐயனார் கோயில், அதைச் சுற்றி மரம், மரத்தடியில் கொஞ்சம் சனம். புது வேட்டி துண்டோடு, தோளில் பழமும் கையில் தட்டுமாக நான் நிழலைப் பார்த்து நடந்தேன், அவ்வளவுதான் நான் செய்தது, மேளக்காரர் வாசிக்க ஆரம்பித்துவிட்டார். "மாமன் வந்தாச்சு" என்று ஒருத்தர் பழத்தை வாங்கினார், ஒருத்தர் காலுக்குத் தண்ணீர் ஊற்றினார், ஒருத்தர் மாலையைப் போட்டார், நான் என்ன ஏது என்று கேட்பதற்குள் மணையில் உட்கார வைத்து, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு பெண் பிள்ளையை மடியில் இறக்கிவிட்டார்கள்.

பிள்ளையின் தாய் பெயர் அமிர்தவல்லி. அவளுடைய ஒரே அண்ணன் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் இருக்கிறானாம். ஒன்பது வருஷம் கழித்து அன்றைக்குத்தான் வருவதாக எழுதியிருந்தானாம். அவள் புகுந்த ஊரில் ஒருவரும் அவனைப் பார்த்ததில்லை. சீர்த்தட்டோடு பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஆளை அவர்கள் வேறு யாரென்று நினைப்பார்கள்? நானும் உன் அண்ணி சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. ஆசாரி வந்து ஊசியைப் போட்டதும் பிள்ளை வீரிட்டு அழுது என் தோளைக் கடித்தது. "மாமன் தோடு எங்க?" என்று ஆசாரி கையை நீட்டினார். கடித்த பிள்ளைக்கு இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை, எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

பஸ் பொழுது சாயும்வரை அசையவில்லை. நேரமும் தப்பி, கையும் வெறுங்கையாகி, உன் வீட்டு வாசலில் வந்து எப்படி நிற்பேன்? எதிரே வந்த பஸ்ஸில் ஏறி ஊர் திரும்பினேன். வரும் வழியெல்லாம் உன் கல்யாண நாள்தான் ஞாபகம். "அம்புட்டுத் தொலவுல என்னய எதுக்குக் குடுக்குற" என்று நீ அழுதபோது, "மூணு பஸ்ஸுதான், ஏறி ஒக்காந்தா வந்துரலாம்" என்றேன். அந்த மூன்று பஸ்ஸில் ஒன்றில்கூட நாலு வருஷமாக நான் ஏறவில்லை. ஏறியபோது இரண்டாவதைத் தாண்டவில்லை. தாயும் தகப்பனும் இல்லாத நீ, பத்தொன்பது வயதில் அவ்வளவு தூரமும் அழுதுகொண்டே போயிருக்கிறாய். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

மருமகளின் காதுக்கு மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தடவு. மாப்பிள்ளைக்கு என் வணக்கத்தைச் சொல். நீ நோய்நொடி இல்லாமல் மஞ்சள் குங்குமத்தோடு நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
வீரய்யா

பின்குறிப்பு: பஸ்ஸைப் பற்றி மேலே எழுதியது பொய். அது அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது. ஆசாரி வருவதற்கு முன்பே டிரைவர் மூன்று தடவை ஹார்ன் அடித்தார், கண்டக்டர் கோயில்வரை வந்து கூப்பிட்டார். தோடும் அப்போது என் மடிப்பில்தான் இருந்தது. பிள்ளையை இறக்கிவிட்டு ஓடியிருந்தால், வெள்ளிக்கிழமை நல்ல நேரத்துக்கு உன் வீட்டில் இருந்திருப்பேன். அந்தச் சமயத்தில்தான் அமிர்தவல்லி அடுப்படியிலிருந்து வந்தாள். கிட்டே வந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் அண்ணன் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. குனிந்து பிள்ளையின் சட்டையைச் சரிசெய்துகொண்டே, எனக்கு மட்டும் கேட்கும்படி, "அண்ணே, எந்திரிச்சிராதீங்கண்ணே" என்றாள். என்னை அப்படி ஒருத்தி கூப்பிட்டு நாலு வருஷமாகிறது செவந்தி. என்னால் எழுந்திருக்க முடியவில்லை.