மட்டில்டா, குருசேடர், அம்மன் தேர்

“கீச்” என்றது தேர்.

இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்த நான்கு பேரும் வடத்தை விட்டுவிட்டு நின்றார்கள். பூசாரி விநாயகமூர்த்தி குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். கோயில் தலைவர் குமரப்பன் குனியவில்லை. அவருடைய வயிறு அதற்கு அனுமதிப்பதில்லை.

“ரெண்டு சொட்டு தேங்காயெண்ணெய் விட்டாச் சரியாப் போயிடும்” என்றார் பூசாரி.

“எண்ணெயா! கீச்சுன்னு கத்தினா எண்ணெய் ஊத்துறதா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. பூசாரி கண்ணை மூடிக்கொண்டார். வந்துவிட்டார் பிரேம்நாத்.

பிரேம்நாத்துக்கு லத்தா பேட்டையில் குடைக்கடை. யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், ஆறு மாதம் மழை கொட்டும். அப்போது அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. மீதி ஆறு மாதம் கடையில் உட்கார்ந்து இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ்காரன் ஓட்டிய டாங்கிகளைப் பற்றிப் படிப்பார். பான்சோடான் தெரு நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவர்கள் டாங்கிப் படம் போட்ட எதைக் கண்டாலும் அவருக்கென்று எடுத்து வைத்துவிடுவார்கள். எந்த டாங்கிக்கு எத்தனை அங்குலக் கவசம், எது எந்த மேட்டில் மூச்சு வாங்கி நின்றது, எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரே குறை, நிஜ டாங்கி ஒன்றைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை. சாவதற்குள் ஒரு பிரிட்டிஷ் டாங்கியை, வேண்டாம், அதன் ஒரு திருகாணியையாவது தொட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதுவரைக்கும் அதைப் பற்றிப் பேசாமல் இருக்க வேண்டும் என்பது அவர் மனைவி சத்யபாமாவின் ஆசை.

“தலைவரே, வெள்ளைக்காரன் ஆப்பிரிக்கப் பாலைவனத்துல பாதி டாங்கியை எதிரிக்கிட்ட பறிகொடுக்கல. ரிப்பேராகி நடுவழியில நின்னுதான் பறிகொடுத்தான். எல்லாம் முதல்ல இப்படிக் கீச்சுன்னுதான் ஆரம்பிச்சிருக்கும். ஞாயித்துக்கிழமை நம்ம தேர் நடுத்தெருவுல நின்னா என்ன பண்ணுவீங்க?”

குமரப்பனுக்கு வியர்த்தது. லான்மடாவ் பேட்டைச் சந்துக்குள் இருக்கும் அந்தச் சின்ன அம்மன் கோயிலின் தேர் தெருவுக்கு வந்து ஐந்து வருஷமாகிறது. நடையாய் நடந்து இந்த வருஷம்தான் அனுமதி கிடைத்திருக்கிறது. ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கிளம்பி, நாலு தெரு சுற்றி, பதினொன்றுக்குள் உள்ளே வந்துவிட வேண்டும். “ஒரு நிமிஷம் தாண்டினாலும் அடுத்த வருஷம் இந்தப் பக்கமே வராதீங்க” என்று அனுமதி கொடுத்த அலுவலகத்தில் சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

“நிக்குமாய்யா?”

“நிக்கும். சத்தியமா நிக்கும். அடிவண்டியையே மாத்தணும்.”

அடிவண்டிதான் தேரின் உயிர். பக்கத்துக்கு மூன்றாக ஆறு இரும்புச் சக்கரம். ஒவ்வொரு பக்கமும் ஒன்று பெரிசு, இரண்டு சின்னது. எந்தக் காலத்தில் யார் செய்தது என்று கோயிலில் யாருக்கும் தெரியாது. அம்மன் தேரைச் சுரண்டக்கூடாது என்பது வழக்கம். அதனால் வருஷா வருஷம் பழைய சாயத்தின் மேலேயே புதுச் சாயம் அடித்து, மஞ்சள் பூசி, சுற்றிலும் சிவப்புத் துணி கட்டிவிடுவார்கள். எது இரும்பு, எது சாயம் என்று அந்த அம்மனுக்கே அடையாளம் தெரியாது.

பிரேம்நாத் துணியைத் தூக்கி எட்டிப் பார்த்துவிட்டு, “சக்கரம்கூட ஒரே அளவு இல்ல. எவனோ அவசரத்துல கையில கிடைச்சதை மாட்டியிருக்கான். டாங்கி செஞ்சவன் இதைப் பாத்தா விழுந்து விழுந்து சிரிப்பான்” என்றார்.

“அப்ப பொறுப்பை நீங்களே எடுத்துக்குங்க” என்றார் குமரப்பன். தேர் நின்றால் சொல்வதற்கு ஒரு பெயர் கிடைத்ததில் அவருக்குப் பரம நிம்மதி.

புதன்கிழமையே பழைய அடிவண்டி டோ மியாவின் இரும்புக் கடைக்குப் போனது. டோ மியாவுக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. அப்பா காலத்துப் பழைய இரும்புக் கடையை அதே சந்தில் நடத்துகிறவள். பர்மாக்காரிதான், ஆனால் தமிழர் தெருவிலேயே பிறந்து வளர்ந்ததால் நம்மைவிட நன்றாகத் தமிழில் சண்டை போடுவாள்.

“கோ பிரேம், நெசமாவே இதையா குடுக்கிறீங்க?” என்று கேட்டாள். பர்மிய மரியாதையில் ஆண்களுக்குக் ‘கோ’, வயதான பெண்களுக்கு ‘டோ’.

“ஏன், எடுத்துக்க மாட்டீங்களா?”

“எடுத்துக்குவேன். போயும் போயும் நீங்களா குடுக்கிறீங்கன்னு கேட்டேன்.”

“அது குப்பை டோ மியா! பதிலுக்கு நல்ல கனமா இரும்புத் தகடும் நாலு லாரிச் சக்கரமும் குடுங்க.”

டோ மியா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு அடிவண்டியை ஓரமாக நிறுத்தி அதன் மேல் தார்ப்பாய் போட்டு மூடினாள்.

வியாழக்கிழமை மாலை புது அடிவண்டி தயார். நாலு லாரிச் சக்கரம், சுற்றிலும் விரல் மொத்தத்தில் இரும்புத் தகடு. பிரேம்நாத் உற்சாகத்தில் தரையில் நிற்கவில்லை.

“மட்டில்டான்னு ஒரு டாங்கி, பூசாரி! எதிரி சுட்டுச் சுட்டுப் பாத்தான். குண்டெல்லாம் பட்டுத் தெறிச்சு ஓடுச்சு. அவ்வளவு கவசம்!”

“நம்ம தேரை யாரு சுடப்போறா?” என்றார் பூசாரி.

“அது ஒரு பாதுகாப்புக்குத்தான். இழுங்க!”

இருபது பேர் இழுத்தார்கள். தேர் அசையவில்லை. இன்னும் பத்துப் பேர் சேர்ந்தார்கள். வடம் அறுந்தது. முப்பது பேரும் ஒருவர் மேல் ஒருவராக விழுந்தார்கள். அடியில் கிடந்தவர் குமரப்பன்.

“இந்த மட்டில்டாவுக்கு வேற ஏதாவது சீக்கு இருந்துச்சாய்யா?” என்று அங்கிருந்தபடியே கேட்டார்.

“நடந்து போறவன் வேகம்தான் போகும். அதை விட்டுட்டேன்” என்று பிரேம்நாத் மெதுவாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை தகடுகளைக் கழற்றி எறிந்தார். கனம் போச்சு, இனி வேகம்தான் வேண்டும் என்று முடிவு கட்டினார். த்வாண்டே கால்வாயில் படகு விடும் மைத்துனர் கிருஷ்ணனிடமிருந்து ஒரு டீசல் எஞ்சினை வாங்கி வந்து தேருக்கு அடியில் பூட்டினார்.

“குருசேடர்னு இன்னொரு டாங்கி! குதிரை மாதிரிப் பாயும். பாலைவனத்துல அதைப் பிடிக்கவே முடியாது!”

“அதுக்கு என்ன சீக்கு? இப்பவே சொல்லிடுங்க” என்றாள் சத்யபாமா.

“கவசம் மெல்லிசு. அப்புறம் தண்ணி பம்ப் அடிக்கடி ஒழுகும். அது நமக்கெதுக்கு? பூசாரி, ஏறி உக்காருங்க!”

சாமி உட்காரும் இடத்தில் பூசாரியை உட்கார வைத்து, கோயில் மதிலுக்குள் வெள்ளோட்டம் விட்டார்கள். எஞ்சின் இரண்டு தரம் இருமியது, மூன்றாம் தரம் கனைத்தது, பிறகு தேர் பாய்ந்தது. பூசாரி தேரின் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தெரிந்த அம்மன் பெயரையெல்லாம் சொல்ல ஆரம்பித்தார்.

“நிறுத்துய்யா! நிறுத்து!”

அப்போதுதான் பிரேம்நாத்துக்கு, படகு எஞ்சினுக்கு பிரேக் கிடையாது என்பது உறைத்தது. தேர் பிராகாரத்தை ஒன்றரைச் சுற்று சுற்றியது. வேலை செய்தவர்களுக்காகச் சந்து முனைச் சாப்பாட்டுக்கடை ஹாஜரா அக்கா விஷயம் தெரியாமல் உள்ளே கொண்டுவந்து இறக்கியிருந்த மொஹிங்காப் பானையை மோதி, மீன் குழம்பும் நூடுல்சுமாக அபிஷேகம் வாங்கிக்கொண்டு, வளைவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. எஞ்சினிலிருந்து தண்ணீர் ஒழுகியது. அதற்கப்புறம் எத்தனை உதைத்தும் அது கிளம்பவில்லை.

“சைவக் கோயில் தேர்ல மீன் குழம்பு!” என்று பூசாரி இறங்க மறுத்து அழுதார். பிரேம்நாத்தோ தேர் ஏன் சாய்ந்தது என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை விடை கிடைத்துவிட்டது. பொழுது விடியும்போதே சத்யபாமாவை உலுக்கி எழுப்பினார்.

“அகலம் பாமா, அகலம்! வெள்ளைக்காரன் டாங்கியெல்லாம் ஒடுக்கமாச் செஞ்சான். ஏன்னா அதை ரயில்ல ஏத்தணும், ரயில் குகைக்குள்ள நுழையணும். அகலம் இல்லாததால பெரிய பீரங்கி வைக்க இடமில்ல. எதிரி யானை மாதிரிப் பீரங்கியோட வந்தான், இவன் வேட்டுக் குழாயோட நின்னான். அந்தத் தப்பை நான் பண்ணமாட்டேன். தேரை அகலமாக்கிட்டாச் சாயவே சாயாது!”

“எண்ணெய் விட்டிருந்தா செவ்வாக்கிழமையே முடிஞ்சிருக்கும்” என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிப் படுத்தாள்.

அன்று முழுக்க வெட்டி ஒட்டி, அடிவண்டியை இரண்டு பங்கு அகலமாக்கினார். எஞ்சின் இல்லை, தகடு இல்லை. பத்துப் பேர் இழுத்தாலே தேர் வழுக்கிக்கொண்டு போனது. எவ்வளவு ஆட்டினாலும் சாயவில்லை. குமரப்பன்கூடக் கைதட்டினார். நாலு தெருவையும் நாடா வைத்து அளந்து, தாராளமாகப் போகும் என்று பிரேம்நாத் காகிதத்தில் எழுதிக் காட்டினார்.

ஞாயிறு காலை ஒன்பது மணி. மேளம் முழங்கியது. அம்மன் பட்டுடுத்தித் தேரில் அமர்ந்தாள். ஐந்து வருஷமாகக் காத்திருந்த கூட்டம் தெரு நிறைய நின்றது. தமிழர், பர்மியர், சீனர், எல்லார் கையிலும் போன். பிரேம்நாத் கண்கலங்கக் கையை உயர்த்தினார். “இழுங்க!”

தேர் கம்பீரமாக நகர்ந்தது. பத்தடி, இருபதடி. கோயில் வாசலில் ‘டம்’ என்று மோதி நின்றது.

மேளம் ஓய்ந்தது. வாசலைவிட இடது பக்கம் ஒரு முழம், வலது பக்கம் ஒரு முழம் கூடுதலாக, மதிலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது தேர்.

சத்யபாமா இடுப்பில் கை வைத்தாள். “ஏங்க, வெள்ளைக்காரன் ரயில் குகையை அளந்தானே, நீங்க கோயில் வாசலை அளந்தீங்களா?”

பிரேம்நாத் நாடாவை எடுத்து அப்போதுதான் வாசலை அளந்தார். மணி ஒன்பது இருபது. வெளியே குழந்தைகள் அழ ஆரம்பித்தன. வாசலை இடிக்கலாமா என்று அவர் கேட்டதற்குப் பூசாரி சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. இத்தனை பேருடைய ஐந்து வருஷத்து ஆசையைக் கெடுத்துவிட்டோமே என்று நினைத்தபோது அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது. டாங்கி, கவசம், பீரங்கி எல்லாம் அந்த நிமிஷம் தலையிலிருந்து இறங்கிவிட்டன.

“தலைவரே, பழைய அடிவண்டி...” என்றார்.

“அதைத்தான் எடைக்குப் போட்டுட்டீரே! இந்நேரம் உருகிப் பாத்திரமாயிருக்கும்!”

பிரேம்நாத் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். டோ மியாவின் கடையை நோக்கி, செருப்பில்லாமல், கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினார். கடை வாசலில் அந்தக் கிழவி வெற்றிலை மென்றபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

“டோ மியா! அந்தச் சக்கரம்...”

அவள் எழுந்து தார்ப்பாயை இழுத்தாள். அடிவண்டி அப்படியே இருந்தது.

“உடைக்கலையா நீங்க?”

“நீங்க வருவீங்கன்னு தெரியும். ஆனா இவ்வளவு லேட்டா வருவீங்கன்னு நினைக்கல” என்றாள். “நிக்காதீங்க, லாரியில ஏத்துங்க!”

அப்புறம் நடந்ததெல்லாம் ஓட்டம்தான். குட்டி லாரி சந்துக்குள் பின்பக்கமாகவே வந்தது. இரண்டு லாரி ஜாக்கி, நாற்பது தோள். அம்மன் ஆடாமல் அசையாமல் அந்தரத்தில் நின்றாள். அகல அடிவண்டி உருவப்பட்டது, பழையது உள்ளே போனது. ஆணி முடுக்கியதும் பூசாரி பிடிவாதமாக இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டார். மணி பத்து பத்து.

“இழுங்க!”

கீச் என்ற சத்தம்கூட இல்லை. தேர் வாசலை உரசாமல் வெளியே வந்தது. தெருவே கத்தியது. முதல் தெருவில் குழி, ஆறு சக்கரமும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி ஏறின. அம்மன் தலையில் வைத்த பூ ஒன்றுகூட உதிரவில்லை. இரண்டாம் தெருவில் உடைந்த சாக்கடை மூடி, அதையும் தாண்டியது. மூன்றாம் தெருவில் பிரேம்நாத் வடத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே சின்னப் பிள்ளை மாதிரிக் கூவினார். நாலாம் தெரு திரும்பி, தேர் கோயிலுக்குள் நுழைந்தபோது மணி பத்து ஐம்பத்தெட்டு.

குமரப்பன் பிரேம்நாத்தைக் கட்டிக்கொண்டார். சத்யபாமாகூடச் சிரித்துவிட்டாள். பிரேம்நாத் தேரடியில் உட்கார்ந்து, மஞ்சளும் சாயமும் அப்பிய அந்தப் பெரிய சக்கரத்தை இரண்டு கையாலும் தடவினார்.

“ஒப்புக்கிறேன். நான் மடையன்” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். “நான் படிச்ச டாங்கியெல்லாம் இதுக்கு முன்னால தூசு. இந்த மாதிரி ஒரு சக்கரம் மட்டும் வெள்ளைக்காரன்கிட்ட இருந்திருந்தா, அவன் பர்மாவை விட்டு ஓடியிருக்கவே மாட்டான்!”

வாசலில் நின்ற லாரியில் உட்கார்ந்து தேரைப் பார்த்துவிட்டு இறங்கி வந்த டோ மியா வெற்றிலையை ஓரமாகத் துப்பினாள்.

“அவன்கிட்டதானே, கோ பிரேம், இது இருந்துச்சு! அவன் விட்டுட்டுப் போன டாங்கியிலேருந்து எங்கப்பா கழட்டி உங்க கோயிலுக்குக் குடுத்தது இது!”