ஹோட்டல் எரியவில்லை, காலிதான் ஆனது

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். அங்கு என் தங்கை, பேரப்பிள்ளைகள், உங்கள் முழங்கால் ஆகிய அனைவரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

நிற்க. நாங்கள் ஒரு கொரியன் ஹோட்டலைக் கொளுத்திவிட்டதாக என் தங்கை ஃபோனில் அழுதாள். ஹோட்டல் எரியவில்லை. காலிதான் ஆனது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், முப்பத்தொரு வருடம் நான் ஓட்டிய தீயணைப்பு வண்டியில் தொங்கிக்கொண்டு வந்த உங்களுக்குத் தெரியாதா?

நம் ஆபீசருக்கு ஞாபகம் தப்பி ஒரு வருஷமாகிறது அல்லவா, இப்போது சாப்பாடும் இறங்குவதில்லையாம். தட்டை வைத்தால் "அப்புறம்" என்று தள்ளிவிடுகிறாராம். கண்ணெதிரே எதையாவது சுட்டால் மட்டும் வேடிக்கை பார்த்துக்கொண்டே நாலு வாய் சாப்பிடுகிறார் என்று அவர் மகள் கண்டுபிடித்து, மேஜை நடுவிலேயே அடுப்பு இருக்கிற அந்த ஹோட்டலில் போன செவ்வாய் மதியம் இடம் பிடித்து, பழைய ஆட்கள் என்று என்னையும் குழாயையும் வால்வையும் கூப்பிட்டிருந்தாள். அவர் வைத்த பேர்தானே நமக்கு நிலைத்தது, உங்களுக்கு ஏணி என்று? பெற்றவர்கள் வைத்ததெல்லாம் சம்பள ரசீதோடு சரி.

போனதும் அவர் எங்களைப் பார்த்துக் கைகூப்பி, "நீங்கல்லாம் பொண்ணுக்குத் தெரிஞ்சவங்களா?" என்றார். கை கழுவிட்டு வரேன்னு எழுந்து போன வால்வு ரொம்ப நேரம் திரும்பி வரல.

அப்புறம் இறைச்சி வந்தது. அதைக் கத்தரிக்கோலால வெட்டுறாங்க மாப்பிள்ளை, துணிக்கடை மாதிரி! சுட்டு, கீரை மாதிரி ஒரு இலையில மடிச்சு, புளிச்ச முட்டைக்கோஸ் வச்சு ஒரே வாயில போடணுமாம். புகையை இழுக்கக் கூரையிலேர்ந்து ஒரு குழாய் தொங்குச்சு. நம்ம குழாய் கை சும்மா இருக்குமா, பிடிச்சு இழுத்தான், அது நீண்டுக்கிட்டே வந்துச்சு. பழைய கதையெல்லாம் கிளம்பிடுச்சு. மணி அடிச்சா பாதிச் சாப்பாட்டுல ஓடுவோமே, திரும்பி வந்து ஆறினதை அஞ்சு பேரும் கரி பிடிச்ச கையோட ஒரே பாத்திரத்துல எடுத்துத் தின்போமே, அந்த ருசி இன்னும் எனக்கு வேற எங்கேயும் கிடைக்கல. ஆபீசர் மட்டும் அடுப்பையே பாத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு.

அப்பத்தான் கொழுப்பு சொட்டி தீ குப்புனு ஒரு அடி எழும்புச்சு. பக்கத்து மேஜைக்காரர் பதறிப்போய்த் தண்ணி ஜக்கைத் தூக்கிட்டாரு. ஆபீசர் எழுந்து நின்னாரு பாருங்க, அதே பழைய குரல்!

"தண்ணி ஊத்தாதே! வால்வு, காஸை மூடு! குழாய், தட்டைப் போட்டு மூடு! டிரைவர், ஜனங்களை வெளியேத்து! ஏணி... ஏணி எங்கடா?"

தீ மூணு செகண்டுல அணைஞ்சிடுச்சு. ஆனா உத்தரவுன்னா உத்தரவுதானே? சமையல்காரர், முதலாளி உட்பட இருபத்தாறு பேரை நடைபாதையில வரிசையா நிறுத்திட்டேன். ஒரு அம்மா வாயில பாதி இலையோட நின்னாங்க. ஆபீசர் வெளியே வந்து எங்களை எண்ணிப் பாத்தாரு.

"நம்ம ஆளுல ஒருத்தன் குறையறானே?"

"ஏணி லீவுல போயிருக்காரு சார்."

"லீவா? யாரு குடுத்தது?"

நான் ஜனங்களை மறுபடி உள்ளே அனுப்ப ஆரம்பிச்சேன். ஆபீசரும் உள்ளே போய் ரெண்டு தட்டு காலி பண்ணினாரு. கார்ல ஏறும்போது மறுபடி கைகூப்பி, "உங்களைச் சந்திச்சதுல ரொம்ப சந்தோஷம்"னு சொல்லிட்டுப் போனாரு.

ஆகவே, இந்த வயதில் இத்தகைய கூத்துக்கு இனி போவதில்லை என்று மூவரும் முடிவு செய்துள்ளோம். ஹோட்டல் முதலாளியும் அதையே வேறு வார்த்தைகளில் சொன்னார். இதற்காக நீங்கள் முழங்காலை இழுத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. தங்கைக்கு என் அன்பும் குழந்தைகளுக்கு என் ஆசிகளும் சேரட்டும்.

இப்படிக்கு,
டிரைவர்

பி.கு.: இதை ஒட்டுவதற்குள் ஆபீசரிடமிருந்து ஃபோன். மகள் நம்பர் போட்டுக் கொடுத்திருக்கிறாள். "டிரைவர், நாம அஞ்சு பேரும் சேர்ந்து சாப்பிட்டு எத்தனை வருஷமாச்சு? ஒரு நல்ல இடமா பாருப்பா" என்றார். செவ்வாய்க்கிழமை நடந்தது அவர் ஞாபகத்தில் சுத்தமாக இல்லை. நாம் இருக்கிறோம். "பாக்கறேன் சார்" என்று சொல்லிவிட்டு, முதலாளி காலில் விழாத குறையாகக் கெஞ்சி, வருகிற வெள்ளி மதியம் அஞ்சு பேருக்கு இடம் சொல்லிவிட்டேன். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். வியாழக்கிழமை ரயிலைப் பிடியுங்கள். ஸ்டேஷனில் நான் வண்டியோடு நிற்கிறேன்.