தேசப்பன் த/பெ ஏழுமலை

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும். என் வாழ்க்கையில் நடந்த கேவலங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு காரணத்தால்தான் நடந்தன. சுத்தமாகத் தெரியாதவர்கள் நாலு பேரைக் கேட்டுத் தெளிந்துவிடுகிறார்கள். என்னைப் போல அரைகுறையாகத் தெரிந்தவர்கள்தான் கோர்ட் வரைக்கும் போய் நிற்கிறார்கள்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. பழவேற்காடு பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. ஆதார் திருத்தம், மீனவர் அட்டைக்கு விண்ணப்பம், கரண்ட் பில் எல்லாம் நான்தான் போடுவேன். கோட்டைக்குப்பத்தில் எங்கள் தெருவில் யாருக்காவது போனில் எழுத்து சின்னதாகத் தெரிந்தால்கூட என்னிடம்தான் கொண்டுவருவார்கள். (எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்துவிட்டு, "சிஸ்டம் அப்டேட் பண்ணிட்டேன்" என்பேன்.)

அந்தச் சமயத்தில் தோணிரேவிலிருந்து எனக்கு ஒரு வரன் வந்தது. பெயர் தேசப்பன், அப்பா பெயர் ஏழுமலை. போட் இன்ஜின் மெக்கானிக். பெண் பார்க்க வந்த அன்று அவர் பேசியது ஒரே வாக்கியம்: "டீ நல்லாருக்கு." எனக்குப் பிடித்துவிட்டது. (டீ போட்டது அம்மா. அதை நான் திருத்தவில்லை.)

ஆனால் அவருடைய அம்மா, "எங்க புள்ள எந்த வம்புக்கும் போவாது"னு ஆறு தரம் சொன்னார். வம்புக்குப் போகாத பிள்ளையைப் பற்றி எதற்கு ஆறு தரம் சொல்ல வேண்டும்? அதோடு, பெரியவர் ஏன் வரவில்லை, தாத்தா இருக்கிறார் என்றீர்களே என்று எங்கள் நைனா கேட்டதும், வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு உடம்பு சரியில்லை என்றார்கள். எதையோ மறைக்கிறார்கள் என்று என் மூளை அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டது.

மறுநாள் கடையில் கூட்டம் ஓய்ந்த மத்தியானம் சிஸ்டத்தின் முன் உட்கார்ந்தேன். முதலில் போலீஸ் தளம். சமீபத்தில் கைதானவர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை. (உண்மையைச் சொன்னால் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.) அடுத்து கோர்ட் தளம். மாநிலம், மாவட்டம், எந்த கோர்ட் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, கட்சிக்காரர் பெயர், வருஷம் போட்டால் வழக்கு இருக்கிறதா என்று காட்டும். நடுவில், நாம் மனிதர்தான் என்று நிரூபிக்க, தண்ணீரில் நனைந்த மாதிரி இருக்கும் எழுத்துகளைப் படித்து அடிக்கச் சொல்லும். நான் மனிதப் பிறவி என்று அது ஒத்துக்கொள்ள ஐந்து முயற்சி ஆயிற்று.

பெயரை ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். தேசப்பனை ஒரு மாதிரி அடித்தேன், ஒன்றும் இல்லை. இன்னொரு மாதிரி அடித்தேன், இல்லை. இந்த இடத்தில் ஒரு நல்ல பெண் நிம்மதியாக எழுந்து சாப்பிடப் போயிருப்பாள். நான் ஒரு எழுத்தை எடுத்துவிட்டு மறுபடி அடித்தேன். வந்துவிட்டது.

தேசப்பன், த/பெ ஏழுமலை, தோணிரேவு. வழக்கு நிலுவையில் இருக்கிறது. கீழே சட்டப்பிரிவுகளின் எண்கள் மட்டும் இருந்தன. அவற்றைத் தனியாகத் தேடிப் படித்தேன். ஆபாச வார்த்தை பேசுதல். சொத்துக்குச் சேதம் விளைவித்தல். கொலை மிரட்டல்.

டீ நல்லாருக்குனு சொன்ன வாயா இது?

அந்தத் தளத்தில் குற்றம் சாட்டப்பட்டவரின் வயது இல்லை. அதைத் தெரிந்துகொள்ள முதல் தகவல் அறிக்கையைப் பார்க்க வேண்டும். அதற்கு போனுக்கு ஒரு எண் வரும், அதை அடிக்க வேண்டும். அன்றைக்கு டவர் இல்லை, எண் வரவில்லை. சரி, வயது இல்லாவிட்டால் என்ன, பெயர், அப்பா பெயர், ஊர் மூன்றும் பொருந்துகிறதே என்று விட்டுவிட்டேன். வழக்கு நிலுவையில் இருந்தால் ஒருவன் குற்றவாளி என்று அர்த்தமில்லை என்பதும் எனக்கு அன்று தோன்றவில்லை. அடுத்த வாய்தா வரும் வியாழக்கிழமை என்று போட்டிருந்தது. அது மட்டும் நன்றாகக் கண்ணில் பட்டது.

வீட்டில் சொல்லவில்லை. கையும் களவுமாகப் பார்த்துவிட்டு வந்து சொல்வதாகத் திட்டம். வியாழக்கிழமை, சர்டிபிகேட் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பொன்னேரி பஸ் ஏறினேன். முகம் தெரியக்கூடாது என்று துப்பட்டாவைக் கண் வரைக்கும் சுற்றியிருந்தேன். கோர்ட் வாசலில் இருந்த போலீஸ்காரம்மா, சாட்சியா, அக்யூஸ்டா என்று கேட்டார். நான் சும்மா என்றேன். சும்மா யாரும் இங்கே வருவதில்லை என்று சொல்லி, துப்பட்டாவை எடுக்கவைத்து உள்ளே விட்டார்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் போயிற்று. பிறகு டவாலி போட்டவர் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "தேசப்பன்... தேசப்பன்... தேசப்பன்."

யாரும் வரவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. எங்கேயாவது ஒளிந்திருக்கிறாரா என்று எட்டிப் பார்க்க எழுந்து நின்றேன். அந்த கோர்ட்டில் அப்போது வக்கீல் அல்லாமல் எழுந்து நின்ற ஒரே ஆள் நான்தான்.

ஜட்ஜம்மா நிமிர்ந்து பார்த்தார். "நீங்க யாரும்மா? தேசப்பனுக்கு என்ன உறவு?"

தெரியாமல் நின்றுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கோர்ட்டில் பொய் சொன்னால் ஜெயில் என்று எங்கேயோ படித்திருந்தேன்.

"அவரக் கட்டிக்கப் போற பொண்ணுங்கம்மா."

ஜட்ஜம்மா கேஸ் கட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். என் வயதைக் கேட்டார், சொன்னேன். அவர் வயது தெரியுமா என்று கேட்டார். இருபத்தெட்டு என்றேன்.

"இங்க எழுபத்தொண்ணுனு இருக்கே."

இந்த இடத்தில்தான் எனக்குள் இருந்த ஜெராக்ஸ் கடை வெளியே வந்தது. "டைப்பிங் மிஸ்டேக்கா இருக்கும்மா. எங்க கடையிலயும் இப்பிடி வரும்."

வக்கீல்கள் ஃபைலை வைத்து முகத்தை மூடிக்கொண்டார்கள். அதே நேரத்தில் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே ஒரு பெரியவர் உள்ளே ஓடிவந்தார். டீ குடிக்கப் போயிருந்தாராம். கூண்டில் ஏறி, ஜட்ஜம்மாவுக்கு ஒன்று, வக்கீல்களுக்கு ஒன்று, ஃபேனுக்கு ஒன்று என்று கும்பிடு போட்டார்.

ஜட்ஜம்மா என்னைக் காட்டி, இந்தப் பெண்ணைத் தெரியுமா, உங்களைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போவதாகச் சொல்கிறதே என்று கேட்டார். முகத்தில் சிரிப்பே இல்லை. அவர் எப்படி அடக்கினார் என்பது இன்றுவரை எனக்கு ஆச்சரியம்.

பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாமா இது? என் பேரனுக்கே இப்பத்தான் கோட்டகுப்பத்துல பொண்ணு பாத்துருக்கோம்."

அந்தப் பேரன், தாத்தாவின் செருப்பை ஒரு கையிலும் தண்ணீர் பாட்டிலை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். தாத்தாவைப் பார்த்தார். "இதான் தாத்தா அந்தப் பொண்ணு" என்றார். அவர் பேசி நான் கேட்ட இரண்டாவது வாக்கியம் அது.

அவர்கள் வீட்டில் மூத்த பிள்ளைக்குத் தாத்தா பெயர் வைப்பது வழக்கமாம். தேசப்பன் மகன் ஏழுமலை, ஏழுமலை மகன் தேசப்பன், தாத்தாவுக்கு மேலேயும் ஒரு ஏழுமலை. கோர்ட் தளத்தின் மேல் ஒரு தப்பும் இல்லை.

வெளியே வேப்பமரத்தடியில் மாப்பிள்ளையே எல்லாவற்றையும் சொன்னார். கல்யாண வீடியோ எடுக்க ஏரிக்கு வந்த யாரோ ட்ரோன் விட்டிருக்கிறார்கள். தாத்தா விடியற்காலையில் தோணியை ஓரங்கட்டிவிட்டு அவசரமாக ஒதுங்கியிருந்திருக்கிறார். அது நேராகத் தலைக்கு மேல் வந்து நின்றிருக்கிறது. தோணி தள்ளும் கோலால் ஒரே அடி. ஏரிக்குள் போய்விட்டது. பிறகு ட்ரோன்காரரைப் பார்த்து, அதே கோலைத் தூக்கிக்கொண்டு, சட்டப்பிரிவு சொல்கிற மாதிரியான வார்த்தைகளையெல்லாம் பேசியிருக்கிறார். பெண் பார்க்கிற இடத்தில் இதைப் பெருமையாகச் சொல்லிவிடுவார் என்ற பயத்தில்தான் அவரைக் கூட்டிவரவில்லையாம்.

"நீ என்னியே கேட்டுருக்கலாமே" என்றார்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்களா என்றேன். "சொல்லிருக்க மாட்டேன். கேஸுன்னா உங்க வூட்ல வேணான்னுடுவாங்களோன்னு பயம்."

எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு கூத்தடித்த பிறகு இந்த மனிதர் என்னை வேண்டாம் என்று சொன்னால் அது நியாயம்தானே என்றும் தோன்றியது. அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். பஸ் ஏற்றிவிட்டு, நிச்சயத்துக்கு என்ன கலர் சட்டை போடலாம் என்று ஜன்னல் வழியாகக் கேட்டார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்த மூச்சு வீடு வரைக்கும் தாங்கவில்லை. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வேறு கேஸுக்காக அன்று கோர்ட்டுக்கு வந்திருந்தார். எனக்கு முன்னால் அவருடைய போன் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் போய் இறங்கியபோது அம்மா தலைவிரித்து உட்கார்ந்திருந்தார். நைனா வலை பிரிப்பதை நிறுத்திவிட்டு, மிகவும் தணிந்த குரலில் கேட்டார்: "இன்னாம்மா, அந்த மெக்கானிக் பையனப் புடிக்கலன்னா சொல்லக்கூடாதா? எதுக்கும்மா எழுவது வயசு ஆளு?"

விளக்கிச் சொல்லி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. அடுத்த மாதமே நிச்சயம் நடந்தது. தாத்தாவின் வழக்கு, ட்ரோன்காரர் சமாதானத்துக்கு ஒத்துக்கொண்டதால் எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு முடிந்தது. முடிந்துவிட்டது என்பதை அதே தளத்தில் தேடி, தாத்தாவுக்கு நான்தான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். லேமினேட் செய்து மாட்டிவைத்திருக்கிறார்.

போன வருஷம் எங்கள் நாலு வயது மகளுக்குக் காது குத்தினோம். வலது காது முடிந்து, ஆசாரி இடது காதில் ஊசியை வைக்கிற நேரம். தாத்தாவின் மடியில்தான் குழந்தை. பெண்ணின் அம்மா எந்த ஊர் என்று ஆசாரி சும்மா கேட்டார். தாத்தா என்னைக் கையால் காட்டினார்.

"கோட்டகுப்பம். மொதல்ல என்னத்தான் கட்டிக்கறேன்னுச்சு, கோர்ட்லயே சொல்லிச்சு. நான்தான் வேணான்னுட்டு பேரனுக்கு வுட்டுக் குடுத்தேன்."

ஆசாரிக்குச் சிரிப்பில் கை ஆடிவிட்டது. என் மகளின் இடது தோடு, வலது தோட்டைவிட ஒரு நூல் கீழேதான் தொங்குகிறது. கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் அவள் என்னைத்தான் திட்டுகிறாள்.